பதினெட்டு சிகரெட் தூரம்

1

இந்தக் கதை ஒட்டுக்கேட்டதில் பிறந்தது. பிறகு யாராவது கண்டுபிடித்துச் சொல்வதைவிட நானே முதலில் ஒப்புக்கொள்வது மரியாதை.

கிரேக்கத் தீவு ஒன்றிலுள்ள ஹானியா நகரத்தில் மலையேற்றச் சங்கங்கள் ஒன்றுக்கு மேல் உண்டு. எங்களுடையது எது என்று சொல்லப்போவதில்லை. மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. செவ்வாய்க்கிழமை மாலைகளில் கூடுவோம். அக்டோபரில் ஒரு செவ்வாய், நான் மூலையில் நின்று பாலாடைக்கட்டி அப்பங்களைத் தட்டுகளில் பிரித்து வைத்துக்கொண்டிருந்தேன். (பதினாறு வருடமாக உறுப்பினர். சங்கம் என்னை நம்பிக் கொடுத்திருக்கும் மிகப் பெரிய பொறுப்பு இதுதான்.) மேஜையில் அடுத்த ஆண்டின் நடைத்திட்டம் விரிந்து கிடந்தது. அதைத் தயாரிக்கும் பெண் போனில் பேசிக்கொண்டிருந்தாள். “எத்தன?” என்று கேட்டாள். சற்று நேரம் காதில் வைத்திருந்தாள். மறுபடியும் “எத்தன?” என்றாள். பிறகு பென்சிலைக் கீழே வைத்தாள். ஒன்றும் எழுதவில்லை. கோட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

நான் கண்ணால் பார்த்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் நான் கட்டியது. அந்தப் பெண்ணுக்கு எவாந்தியா என்று பெயர் வைத்திருக்கிறேன். அவள் இதைப் படிக்க வாய்ப்பில்லை, தமிழ் தெரியாது. அந்தத் துணிச்சலில்தான் எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்:

வெள்ளை மலைகளின் மேல் அந்த ஆண்டின் முதல் பனி விழுந்த அன்று, எவாந்தியா தன் பையில் —

[வேண்டாம். பனி விழுந்துவிட்டால் மேய்ப்பர்கள் எல்லாரும் ஆட்டை ஓட்டிக்கொண்டு கீழே இறங்கியிருப்பார்கள். மேலே ஆள் இல்லை என்றால் எனக்குக் கதையும் இல்லை.]

இரண்டாவது தொடக்கம்:

மனூசோஸ் தன் அக்காவோடு பேசிப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. பாலைக் காய்ச்சும்போதும், ஆட்டைக் கறக்கும்போதும், அவன் மனதில் —

[இதுவும் வேண்டாம். ஸ்ஃபாகியா என்ற மலைப்பக்கத்து மேய்ப்பன் ஒருவனின் மனதுக்குள் நான் பூந்து எழுதினேன் என்று தெரிந்தால் அவன் சொந்தக்காரர்கள் என்னை ஊருக்குள் விடமாட்டார்கள். அந்தப் பக்கத்துச் சாலைப் பலகைகளில்கூட ஒன்றுவிடாமல் குண்டு துளைத்த ஓட்டை இருக்கிறது.]

மூன்றாவதாக, அந்தத் தாளிலிருந்தே தொடங்குகிறேன்.

திட்டத் தாள் என்பது ஒரு பாய் அகலத்துக்கு இருக்கும். இருபத்திரண்டு நடைகள், இருபத்திரண்டு வரிசைகள். எங்கே புறப்பாடு, எவ்வளவு ஏற்றம், எத்தனை மணி நேரம், தண்ணீர் எங்கே, முன்னால் போவது யார், கடைசியில் வருவது யார். எவாந்தியா இதைப் பத்தொன்பது வருடமாகப் போடுகிறாள். ஐம்பத்தேழு வயது, பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறாள். வரைபடத்தை நம்பமாட்டாள், காலால் நடந்து பார்த்ததைத்தான் எழுதுவாள். அவள் ‘நான்கு மணி’ என்று எழுதினால் நான்கு மணிதான். உறுப்பினர்கள் அதைப் பார்த்துத்தான் வீட்டில் மதியச் சாப்பாட்டுக்கு எத்தனை மணிக்கு வருவோம் என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார்கள்.

இருபத்தோரு வரிசைகள் நிரம்பிவிட்டன. ஒன்றுதான் பாக்கி: ஜூன் மாதம், வடக்கிலிருந்து தெற்காக மலைத்தொடரை ஊடறுத்துப் போகும் மூன்று நாள் நடை. இரண்டாம் நாள் கட்சிவேலி என்ற மேய்ச்சல் நிலத்திலிருந்து புறப்பட்டால் வழி நெடுக வெறும் சாம்பல் நிறக் கல். ஒரு மரம் கிடையாது, ஒரு ஊற்று கிடையாது. நடுவில் ஒரே ஒரு கல்குடில், அதை ஒட்டி ஒரு மழைநீர்த் தொட்டி. அந்தத் தொட்டியில் தண்ணீர் இருந்தால் போகலாம். இல்லையென்றால் முப்பது பேரைக் கூட்டிக்கொண்டு போவது கொலை.

குடிலும் தொட்டியும் மனூசோஸுக்குச் சொந்தம். மனூசோஸ் எவாந்தியாவின் தம்பி. இருவருக்கும் பேச்சு இல்லை.

பத்து வருடமாக ஒவ்வோர் ஆண்டும் அவள் அந்த நடையை வரிசையில் எழுதுவாள், அச்சுக்குப் போகும் முன் அழிப்பாள். சங்கத் தலைவர் பந்தெலிஸ், பல் டாக்டர், இந்த வருடம் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

“திங்கக்கிழமை அச்சகத்துக்குக் குடுக்கணும், எவாந்தியா. அந்த வரிசை காலியா இருந்தா எடுத்துடறேன். கடற்கரையோரமா ஒரு நடை போட்டு, மதியம் மீன் சாப்பாடு. ஜனங்களும் சந்தோஷமா வருவாங்க.”

“மீன் சாப்பிடறதுக்கு மலைச் சங்கம் எதுக்கு? வீட்லயே பொரிச்சுக்கலாமே.”

“ஒவ்வொரு வருஷமும் இதையேதான் சொல்றீங்க. ஒவ்வொரு வருஷமும் நாம மீன்தான் சாப்பிடறோம்.”

“இந்த வருஷம் இல்ல.”

எல்லாரும் நினைத்தது அவளுக்கு அந்த நடை வேண்டும் என்று. முதல் இரண்டு வரைவுகள் முடியும்வரை நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

3

பதினோரு வருடப் பகைக்கு ஒரு காரணம் வேண்டும். கையில் தயாராக வந்தது சொத்துத் தகராறு: அப்பா விட்டுப்போன ஒலிவ மரங்கள், அக்காவுக்கு எவ்வளவு, தம்பிக்கு எவ்வளவு. எழுதிப் பார்த்தேன். நன்றாகத்தான் ஓடியது. அதுதான் சந்தேகமாக இருந்தது. யாருடைய குடும்பத்திலும் மாட்டிவிடக்கூடிய சண்டை இவர்களுடையதாக எப்படி இருக்கும்? கிழித்துப்போட்டேன்.

பிறகு நாங்கள் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுக்கும் விதி நினைவுக்கு வந்தது. வழியில் கம்பிக் கதவு வரும். மூடியிருந்தால் மூடிவிட்டுப் போ, திறந்திருந்தால் திறந்தபடி விட்டுப் போ. அதைப் பார்த்துக்கொள்ள வேண்டியது வரிசையின் கடைசி ஆள்.

ஆக, நடந்தது இதுதான். பதினோரு வருடத்துக்கு முன் ஒரு மே மாதம், எவாந்தியா கடைசி ஆளாக வந்துகொண்டிருந்தாள். தம்பியின் மேய்ச்சல் நிலத்துக்கும் ரூசோஸ் என்பவருடைய நிலத்துக்கும் நடுவில் இருந்த கம்பிக் கதவைத் தாண்டினாள். கீழே வளைவில் இரண்டு தொப்பிகள் தெரிந்தன. நம் ஆட்கள் இரண்டு பேர் பின்தங்கிவிட்டார்கள், அவர்கள் மூடிவிட்டு வரட்டும் என்று விட்டுவிட்டாள். அவர்கள் நம் ஆட்கள் இல்லை. யாரோ வேறு வழி போகிறவர்கள். வளைவிலேயே திரும்பிவிட்டார்கள்.

மறுநாள் ரூசோஸின் பதினேழு ஆடுகள் மனூசோஸின் பட்டியில் நின்றன. காதில் ரூசோஸின் வெட்டு அடையாளம்.

அந்த மலையில் ஒருவனை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். கோபக்காரன், குடிகாரன், சோம்பேறி, எதற்கும் சிரித்துக்கொள்வான். ஆட்டுத் திருடன் என்று மட்டும் சொல்லக்கூடாது. மனூசோஸ் கோயிலுக்குப் போய், ஊர் ஆண்கள் முன்னிலையில், புனிதரின் படத்தில் கை வைத்துச் சத்தியம் செய்ய வேண்டி வந்தது. செய்தான். சத்தியத்தை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அவன் காபிக்கடைக்குள் நுழைந்தால் பேச்சு அரை நொடி நிற்கும், பிறகு தொடரும். அந்த அரை நொடியோடு அவன் பதினோரு வருடம் இருந்தான்.

சத்தியத்துக்கு முந்தின நாள் அவன் அக்காவுக்குப் போன் போட்டிருந்தான். ஒரே கேள்வி.

“கதவ மூடினியா?”

“மூடினேன்.”

“சரி” என்று வைத்துவிட்டான். அவர்கள் கடைசியாகப் பேசியது அது.

[இந்த இடத்தில் அவளை மன்னிக்கும்படி ஒரு பத்தி எழுதியிருந்தேன். முப்பது பேர் முன்னால் தலைகுனிய வேண்டியிருக்கும், சங்கத்துக்கு அந்த வழியே இல்லாமல் போயிருக்கும், விதியைக் கற்றுக்கொடுப்பவளே விதியை மீறினாள் என்றாகும், இப்படி. எல்லாம் சரிதான். ஆனால் அந்தப் பத்தி அவளுக்கு வக்காலத்து வாங்கியது. அவளே தனக்கு வக்காலத்து வாங்காதபோது எனக்கென்ன வேலை என்று எடுத்துவிட்டேன்.]

பயந்து சொன்ன ஒரு சொல். மறுநாளே திருத்தியிருக்கலாம். மறுநாள் திருத்தாததை அடுத்த வாரம் திருத்துவது இன்னும் கடினம். வருடங்கள் இப்படித்தான் சேர்ந்தன.

4

ஒரு அடிக்குறிப்பு, இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம்மிடம் கூப்பிடு தூரம் இருப்பதுபோல, அந்த மலை மேய்ப்பர்களிடம் சிகரெட் தூரம் இருக்கிறது. ‘ஊற்று எவ்வளவு தூரம்?’ என்றால் ‘மூன்று சிகரெட்’ என்பார்கள். நடந்துகொண்டே ஒன்று பிடித்து முடிக்கிற நேரம் ஒரு சிகரெட். ஏறக்குறையப் பத்து நிமிடம். எவாந்தியா அந்த ஊரில் பிறந்தவள், இந்தக் கணக்கு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

இன்னொன்று. மலைக்காரர்கள் பேசும் கிரேக்கம் நகரத்தார் பேசும் கிரேக்கம் இல்லை. ஆகவே மலைக்காரர்களுக்கு என் திருநெல்வேலித் தமிழைக் கொடுத்திருக்கிறேன். எவாந்தியா ஊர்க்காரர்களிடம் பேசும்போது அவளும் அதற்கு மாறிவிடுவாள்.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமை போன். நான் கேட்டது ஒரு பக்கம்தான். மறுபக்கத்தில் சீஃபிஸை வைக்கிறேன், ஊர்க் காபிக்கடைக்காரர். எவாந்தியாவின் மகளுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்றவர். அந்த உறவுக்கு அங்கே சிந்தெக்னோஸ் என்று பெயர், ரத்த உறவுக்கு ஒரு படி மேல். அவர்தான் வாரம் ஒருமுறை தன் வண்டியில் மனூசோஸுக்கு ரஸ்க்கும் உப்பும் கொண்டுபோய்ப் போடுகிறவர். தண்ணீர் பற்றியும் தூரம் பற்றியும் அவனிடம் கேட்டு வரும்படி அவள் சொல்லியிருந்தாள்.

“தண்ணி இருக்குதாம். ஜூன் வரைக்கும் நிக்குமாம். உன் ஆளுவ குடிச்சிக்கிடட்டும்னு சொல்லிட்டான்.”

“அவனா சொன்னான்?”

“பின்ன நானா சொல்லுதேன்? உம் பேரச் சொன்னேன். மூஞ்சியத் திருப்பிக்கிடல. அதுவே பெரிய காரியம்லா.”

“கட்சிவேலில இருந்து குடிலுக்கு எத்தன?”

“பதினெட்டு.”

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“எத்தன?”

“பதினெட்டு சிகரெட்டுன்னுதான் சொன்னான். நானும் ரெண்டு தடவ கேட்டேன். போன வாரம் ஒரு ஆட்டத் தேடி அங்கன போயிட்டு வந்தானாம், எண்ணி வச்சிருக்கான்.”

அந்த வழி அவளுக்குத் தெரியும். பதினோரு வருடத்துக்கு முன் தம்பி அதை எட்டு சிகரெட் என்பான். அவன் அப்பாவும் எட்டு என்றுதான் சொல்வார். மலை நீளவில்லை. வழி இடிந்து சுற்றிப் போகவேண்டியிருந்தால் சீஃபிஸ் சொல்லியிருப்பார்.

“சிந்தெக்னே, அவனுக்கு ஒடம்புக்கு என்ன?”

சீஃபிஸ் கோப்பைகளை நகர்த்தும் சத்தம் கேட்டது. பிறகு, “நான் ஒண்ணும் சொல்லலம்மா. எங்கிட்ட வாக்கு வாங்கிட்டான்” என்றார்.

பென்சில் கீழே வந்தது இங்கேதான்.

5

புதன்கிழமை அவள் சங்கத்துக்கு வந்து சங்க வண்டியின் சாவியை வாங்கினாள். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் பள்ளிக்கு விடுப்பு போட்டுவிட்டாள். பந்தெலிஸிடம் எண்ணைச் சொன்னாள்.

“பதினெட்டா? மூணு மணி நேரமா? எவாந்தியா, அது பொய். நாம வரக்கூடாதுன்னு கூட்டிச் சொல்றான். எனக்கே புரியுது, உங்களுக்குப் புரியலையா?”

எனக்கும் அப்படித்தான் பட்டது. கதைக்கு அது வசதியாகவும் இருந்தது. வன்மம் பிடித்த தம்பி, ஏமாந்த அக்கா.

“அவன் வழி சொல்லமாட்டேன்னு சொல்லுவான். சொன்னா சரியாத்தான் சொல்லுவான்” என்றாள் எவாந்தியா. “எங்க வீட்ல பொய் சொன்னது அவன் இல்ல.”

பந்தெலிஸ் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்கவில்லை. பல் டாக்டர்கள் பாதி வாய் திறந்திருக்கும்போது கேள்வி கேட்பதில்லை.

அவள் ஒரு தாளை எடுத்து, எந்த மலைக்கும் போடுவதுபோல இதற்கும் திட்டம் போட்டாள். காலை ஆறு மணி ஹானியாவில் கிளம்புவது. ஒன்பதுக்கு ஊர், காபிக்கடையில் நிற்கக்கூடாது. மண் சாலை முடியும் இடத்தில் பத்தரை. அங்கிருந்து தெற்குப் பக்கமாகக் குடிலுக்கு நடை ஒரு மணி. தண்ணீர் மூன்று லிட்டர், காற்றுக்கு மேலங்கி, இரவு தங்க நேர்ந்தால் தூக்கப் பை. அவன் கீழே இறங்கும்வரை காத்திருக்கலாமே என்று கணவர் கேட்டார். இன்னும் இரண்டு வாரத்தில் ஆட்டோடு வந்துவிடுவான். “இதை அவன் வாசல்ல போய்ச் சொல்லணும். அவன் ஏறி இறங்கி வந்து என்கிட்ட கேட்கற மாதிரி இருக்கக்கூடாது” என்றாள்.

தாளின் கீழ்ப்பாதியில், போனதும் என்ன சொல்வது என்று எழுதினாள். என் வரைவுகளைப் போலவே அவளுடையவையும் இருந்தன:

மனூசோ, எப்படி இருக்க — [அடித்தது]

தண்ணி குடுத்ததுக்கு நன்றி, சங்கத்து சார்பா — [அடித்தது, இரண்டு முறை]

ஒடம்புக்கு என்னன்னு சொல்லு, ஹானியால எனக்குத் தெரிஞ்ச டாக்டர் — [அடித்தது]

அன்னைக்கு ரெண்டு தொப்பி தெரிஞ்சுது, அதனால — [இதை அடித்துவிட்டுக் காகிதத்தையே கசக்கினாள்]

கடைசியில் ஒன்றும் எழுதாத புதுத் தாளோடு வண்டியில் ஏறினாள். ஆனால் ஏறினாள். அவளிடம் எனக்குப் பிடித்ததே அதுதான்: வாக்கியம் கிடைக்காததற்காகப் பயணத்தை நிறுத்தவில்லை. நானாக இருந்தால் நல்ல வாக்கியம் வரட்டும் என்று வீட்டில் உட்கார்ந்திருப்பேன்.

6

குடில். இங்கே மூன்று மாதம் நின்றுவிட்டேன். இரண்டு விதமாக எழுதிப் பார்த்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஒன்று: அவள் போய்ச் சேரும்போது அவன் இறந்து கிடக்கிறான். கதைசொல்லிக்கு இதைவிட வசதி கிடையாது. யாரும் யாரோடும் பேசவேண்டியதில்லை. அவன் ஐம்பத்தைந்து வயது ஆள், பட்டியில் நூற்று நாற்பது ஆடு. என் சோம்பேறித்தனத்துக்காக அவனைக் கொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இரண்டு: கட்டிப்பிடித்து அழுகிறார்கள், ராக்கிச் சாராயம் ஊற்றுகிறான், மலை முழுக்க மணியோசை. படித்துப் பார்த்து எனக்கே கூச்சமாக இருந்தது. பதினோரு வருடம் அத்தனை மலிவாகப் போய்விடாது.

மிஞ்சியது இது. அடிக்க மனமில்லாமல் வைத்திருக்கிறேன்.

அவன் குடிலின் கல்சுவரில் சாய்ந்து, வெயிலில் உட்கார்ந்து, பாலாடைக்கட்டித் துணிகளை மடித்துக்கொண்டிருந்தான். இளைத்திருந்தான். சட்டைக் கழுத்து தொளதொளத்தது. அவளைப் பார்த்தான். எழுந்திருக்கவில்லை, துணி மடிப்பதையும் நிறுத்தவில்லை.

அவளுக்கு மூச்சு வாங்கியது. வாங்கிய மூச்சோடே சொன்னாள்.

“கதவ நான் மூடல.”

“தெரியும்.”

“எப்ப தெரியும்?”

“அன்னைக்கே. கம்பியப் போய்ப் பாத்துட்டுத்தான் ஒனக்குப் போனே போட்டேன். கடைசியா வந்தவ நீதான.”

எவாந்தியா எதிரில் இருந்த கல்லில் உட்கார்ந்தாள்.

“அப்புறம் ஏம்ல ஒருத்தங்கிட்டயும் சொல்லல? எங்கக்காதான் தொறந்து போட்டான்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா முடிஞ்சிருக்குமே. கோயில்ல போய் கைய வச்சிக்கிட்டு நின்னியே!”

“நீ சொல்லுவன்னு இருந்தேன்.”

இன்னொரு துணியை எடுத்தான். “இந்த வருசம் சொல்லுவா, அடுத்த வருசம் சொல்லுவான்னு பாத்தேன். பொறவு எண்ணுதத விட்டுட்டேன்.”

எவாந்தியா அழுதாள். அவன் பார்த்துக்கொண்டு இருந்தான், தேற்றவில்லை. தேற்றியிருந்தால் அவளுக்குப் பொறுத்திருக்காது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்னாள்:

“ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சதும் காபிக்கடைக்கு வாரேன். ரூசோஸ் மாமா இருப்பாருல்லா? எல்லாரும் இருக்கையில சொல்லுதேன்.”

“எனக்காவ வேண்டாம்.”

“ஒனக்காவ இல்லல. நீ மொத வாய் தொறந்தாச்சு. நான் இன்னும் தொறக்கல.”

[இதை எழுதியபோதுதான் எனக்கே உறைத்தது. சீஃபிஸ் கேட்டபோது அவன் வாய்க்கு வந்த பழைய கணக்கில் ‘எட்டு’ என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். வருவது முப்பது ஜோடி நகரத்துக் கால்கள், எட்டே அவர்களுக்குச் சரி. பதினெட்டு என்று சொன்னான். அந்த எண்ணைக் கேட்டுப் பழைய எட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்தவள் உலகத்தில் ஒருத்திதான் என்று அவனுக்குத் தெரியாதா? தெரிந்துதான் சொன்னானா என்று என்னைக் கேட்காதீர்கள். அவன் மனதுக்குள் போகமாட்டேன் என்று முன்பே சொல்லிவிட்டேன்.]

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை இரண்டு பேரும் கட்சிவேலிவரை ஆட்டோடு நின்று நின்று போய், மதியம் அங்கிருந்து திரும்பி நடந்தார்கள். அவள் கையில் கடிகாரமும் தாளும். அவனை முன்னால் விட்டு அவள் பின்னால் வந்தாள்.

“நீ முன்ன போ. நான் மெதுவாத்தான் வருவேன்” என்றான்.

“நட. ஒன் நேரந்தான் எனக்கு வேணும்.”

ஏற்றத்தில் அவன் நிற்பான், கோலை ஊன்றி எதிர் மலையைப் பார்ப்பதுபோல நிற்பான். அவளும் நிற்பாள். என்ன செய்கிறது என்று கேட்கவில்லை. ஒருமுறை அவனே, “நெஞ்சுதான். பொங்கல் கோழி மாரி அடிக்குது” என்று —

[பொங்கல் கோழியா? ஸ்ஃபாகியாவிலா? என் ஊர் வாய்க்கு வந்துவிட்டது. அவன் சொன்னது “நெஞ்சுதான்” என்று மட்டும்.]

ஒருமுறை அவனே, “நெஞ்சுதான்” என்றான். “டாக்டருட்ட போவமா?” என்றாள். “ஆட்ட எறக்கிட்டு” என்றான். “எறக்குத அன்னைக்கே வருவேன்” என்றாள். அவன் கோலை ஊன்றி நடந்தான்.

குடில் வந்ததும் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று மணி நேரம், நான்கு நிமிடம்.

7

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நான் பார்த்ததுபோல எழுத முடியாது, அந்தக் காபிக்கடைக்குள் எனக்கே இன்னும் நாற்காலி உறுதியாகவில்லை. சீஃபிஸ் சொன்னதாக வைத்துக்கொள்ளுங்கள்.

அவள் உள்ளே வந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. மனூசோஸ் கதவோரம் நின்றான்.

“ரூசோஸ் மாமா, பதினோரு வருசத்துக்கு முன்னால ஒங்க பதினேழு ஆடும் எந்தம்பி பட்டில நின்னுச்சுல்லா. கதவத் தொறந்து போட்டது நான். அவன் கேட்டப்ப மூடினேன்னு பொய் சொன்னேன். அவன் சாமி படத்துல அடிச்ச சத்தியம் சத்தியந்தான். அவனுக்கு இது அன்னைக்கே தெரியும். என்னக் காட்டிக்குடுக்கல.”

ரூசோஸுக்கு எண்பது வயது இருக்கும். “இதச் சொல்லப் பதினோரு வருசமாம்மா?” என்றார்.

“ஆமா மாமா.”

ரூசோஸ் எழுந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தூக்க முடியாமல் இழுத்துக்கொண்டுபோய் மனூசோஸ் பக்கத்தில் போட்டார். “ஏல, இரு” என்றார். அவன் உட்காரும்வரை அவர் நின்றார். அதுவரை கடையில் ஒருவனும் கோப்பையைத் தொடவில்லை என்று சீஃபிஸ் சொன்னார். அதன்பிறகு எவாந்தியாவை யாரும் உட்காரச் சொல்லவில்லை. அவள் அதை எதிர்பார்த்துத்தான் வந்திருந்தாள்.

8

திங்கட்கிழமை. திட்டத் தாள், கடைசி வரிசை, அவள் கையெழுத்தில் நிரம்பியிருக்கிறது. பந்தெலிஸ் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு படிக்கிறார்.

“மூணு மணி நேரமா? எவாந்தியா, நான் இந்த வழில எண்பது நிமிஷத்துல போயிருக்கேன். அதுவும் முட்டிவலியோட.”

“தெரியும்.”

“அப்புறம் இது தப்புதானே?”

“நாம எழுதறது கடைசி ஆளோட நேரம், பந்தெலிஸ். உங்க நேரம் இல்ல. கடைசி ஆள் யாருன்னு பக்கத்துல பாருங்க.”

பார்த்தார். மனூசோஸ் என்று எழுதி, அதன் கீழே தன் பெயரையும் எழுதியிருந்தாள்.

“ஜூன்ல அவர் வருவாரா? ஒடம்பு சரியில்லைன்னு…”

“எழுதியிருக்கேன்ல.”

“ஒருவேளை —”

“எழுதியிருக்கேன். அச்சுக்குக் குடுங்க.”

அவர் கொடுத்தார். நானூறு பிரதிகள் வந்தன. கதையை இங்கே முடித்துவிடச் சொல்லி நண்பர் ஒருவர் சொன்னார். இன்னொருவர், ஜூன் மாதம் என்ன ஆனது என்று எழுதாவிட்டால் வாசகர்கள் சும்மா விடமாட்டார்கள் என்றார். ஆட்டை இறக்கினார்களா, டாக்டர் என்ன சொன்னார், குளிர்காலம் எப்படிப் போனது, எல்லாவற்றுக்கும் என்னிடம் இரண்டிரண்டு வரைவு இருக்கிறது. ஒன்றில் அவன் இருக்கிறான், ஒன்றில் இல்லை. இரண்டுமே நம்பும்படியாக எழுதியிருக்கிறேன். எனக்கு என்மேல் நம்பிக்கை போனது அங்கேதான். எவாந்தியா ஒரு பெயரை மையில் எழுதி, அதை அழிக்கமாட்டேன் என்று நின்றுவிட்டாள். அதன்மேல் கை வைக்க எனக்கு என்ன உரிமை?

ஆகவே நீங்கள் போய்விட்டு வாருங்கள். ஜூன் பதினான்கு, இரண்டாம் நாள் காலை, முன்னால் போகிறவர்களோடு கட்சிவேலியில் கிளம்புங்கள். எண்பது நிமிடத்தில் குடில் வந்துவிடும். பையை இறக்கிவையுங்கள். கடைசி ஆட்கள் வந்துசேர இன்னும் நூறு நிமிடம் இருக்கிறது. நிழல் கிடையாது, சுவரோரம் உட்கார்ந்து வந்த வழியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். தூரத்தில் கல்லுக்கு நடுவே முதலில் ஒரு தலை அசைவது தெரியும். அது தனியாக வருகிறதா, பக்கத்தில் இன்னொன்று இருக்கிறதா என்பதை நான் எழுதவில்லை.

தாகம் எடுக்கும், தொட்டியில் தண்ணீர் இருக்கிறது, குடியுங்கள். இரண்டு பேருக்கு மட்டும் மிச்சம் வையுங்கள்.